‘டீ’ – ஒரு சின்னச் சொல்லின் பெரிய கதை

பிற மொழியொன்றைப் படிப்பவர்களுக்கு நீளமான சொற்கள்தாம் கஷ்டம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் ஆளைத் தடுமாற வைப்பவை சின்னஞ்சிறு சொற்களே.

சீனாவில் ஆரம்பப் பாடசாலை மூன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டும் என 2001 இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சு திட்டம் வகுத்தது. அப்பிள்ளைகள் தொடக்கத்திலேயே சந்திக்கும் சொற்களுள் ஒன்று ‘டீ’. பக்கத்தில் ‘ச்சா’ என்று தம் மொழியில் பொருள் எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தச் சொல்லின் கதை அத்தோடு முடிந்துவிடுவதில்லை.

பிறந்த இடம் எது?

‘டீ’ ஆங்கிலேயருக்குச் சொந்தமான சொல் அல்ல. அது சீனாவின் சொல்லே! சீனாவில் பெரும்பாலோர் தேயிலையை ‘ச்சா’ என்கிறார்கள். தென்கிழக்குக் கரையில் அமோய் துறைமுகத்தை அண்டி வாழ்பவர்களின் பேச்சிலோ அது ‘தே’. இருவரும் எழுதுவது ஒரே எழுத்துத்தான். உச்சரிப்பு மட்டுமே வேறு.

பதினேழாம் நூற்றாண்டில் தேயிலையைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றவர்களில் ஒல்லாந்தர் முதன்மையானவர்கள். ‘தே’ என்ற பெயரை ஐரோப்பாவில் பரப்பியவர்களும் அவர்களே. ஆங்கிலேயரும் முதலில் ‘டே’ என்பதை ஒத்தே உச்சரித்தார்கள். 1714 இல் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞர் அந்த ஓசைக்கே எதுகை அமைத்திருக்கிறார். ‘டீ’ என்பது பின்னர் நிலைத்த உச்சரிப்பாகும். நமது ‘தேயிலை’யிலும் ‘தேத்தண்ணி’யிலும் இருப்பதும் அதே ‘தே’ தான்.

மக்காவோவில் வணிகம் செய்த போர்த்துக்கேயர் ‘சா’ என்றனர். தரை வழியே பாரசீகம் சென்ற சொல் ‘சாய்’ ஆயிற்று. அரபு மொழியில் ‘ச்ச’ ஓசை இல்லாமையால் அங்கே அது ‘ஷாய்’ ஆனது.

அரபு வணிகர்கள் இந்த இலையை வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். சீனாவையும் இந்தியாவையும் பற்றி 851 இல் எழுதப்பட்ட அரபு நூல், சீனர்கள் வெந்நீரில் இட்டுக் குடிக்கும் ஓர் இலையைப் பற்றியும், அதனால் மன்னருக்குக் கிடைத்த வருமானத்தைப் பற்றியும் கூறுகிறது. அந்நூல் அதற்கு இடும் பெயர் ‘ஸாக்’. நமது ஸரந்தீபைப் பற்றிய செய்திகளும் அதே நூலில் உண்டு.

கறுப்பா, சிவப்பா?

சீன மாணவர்கள் சறுக்கும் இடம் இனித்தான் வருகிறது. நாம் அன்றாடம் குடிக்கும் தேயிலையைச் சீனர்கள் ‘சிவப்புத் தேயிலை’ என்பார்கள். கோப்பையில் தெரியும் சாயத்தின் நிறத்தை வைத்து அவர்கள் பெயரிட்டார்கள். ஆங்கிலேயரோ காய்ந்த இலையின் நிறத்தைப் பார்த்துப் ‘பிளாக் டீ’ என்றார்கள்.

சீன மாணவர் தம் மொழிச் சொல்லை அப்படியே மாற்றி ‘ரெட் டீ’ என்று கேட்டால், தென்னாபிரிக்காவின் ‘ரூய்போஸ்’ என்ற செடியின் பானம் கிடைக்கக்கூடும். அது தேயிலையே அல்ல. மறுபுறம், ‘பிளாக் டீ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் சீனத்தில் பெயர்த்தால், பூஆர் போன்ற, நாட்பட்டுப் பதமாகும் வேறொரு வகைத் தேயிலையைக் குறிக்கும்.

குடிப்பதா, சாப்பிடுவதா?

இலைக்கும் பானத்துக்கும் மட்டுமல்ல, உணவு வேளைக்கும் ஆங்கிலத்தில் ‘டீ’ என்றே பெயர். பிற்பகலில் கேக், பிஸ்கட்டோடு அருந்துவதும் ‘டீ’. இங்கிலாந்தின் வட பகுதியில் பல வீடுகளில் மாலையில் உண்ணும் பிரதான சாப்பாடும் ‘டீ’. அங்கே ‘டீக்கு வாருங்கள்’ என்று அழைக்கப்பட்ட மாணவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனால், வீட்டுக்காரர் சமைத்து வைத்திருப்பதைப் பார்த்துச் சங்கடப்பட நேரும்.

இன்னொன்று: ஒரு விடயத்தை ‘என் கோப்பைத் தேநீர் அல்ல’ என்று ஆங்கிலேயர் சொன்னால், கோப்பை மாறிவிட்டது என்று பொருளல்ல. ‘அது எனக்குப் பிடித்தமானதல்ல’ என்பதே கருத்து.

தாய்மார் கவனத்துக்கு

சீனப் பிள்ளைகளுக்கு நேரும் இந்தச் சிக்கல் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று மனப்பாடம் செய்பவர்கள், பரீட்சையில் புள்ளி பெற்றாலும் பேச்சில் திணறுகிறார்கள்.

ஆகவே, பிள்ளை ஒரு சொல்லைக் கற்று வந்தால் பொருளை மட்டும் ஒப்புவிக்கச் சொல்லாதீர்கள். அச்சொல் வெவ்வேறு பொருளில் வரும் இரண்டு மூன்று வாக்கியங்களைத் தேடிச் சொல்லச் சொல்லுங்கள். அது எங்கிருந்து வந்தது என்பதையும் அகராதியில் சேர்ந்து பாருங்கள். கதையோடு படித்த சொல் எளிதில் மறக்காது.