புயலில் படகு உடைவது நடுக்கடலில் அல்ல, கட்டிய இடத்தில்!

'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.' வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானதும் செல்போனில் வந்து விழும் இந்த வரியைப் பலரும் அப்படியே தள்ளிவிட்டு, ஸ்கூல் லீவா, ஆபீஸ் உண்டா என்று தேடப் போய்விடுவார்கள். ஆனால் கடற்கரைக் குப்பங்களில் உண்மையான வேலை ஆரம்பிப்பதே அந்த வரிக்குப் பிறகுதான்.

கடலுக்குப் போகாமல் இருப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. மீன்வளத்துறை டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிட்டால் விசைப்படகுகள் புறப்பட முடியாது. ஆனால் கரையில் நிற்கும் படகை என்ன செய்வது? மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அறுபது அடி விசைப்படகை எந்த மேம்பாலத்தில் ஏற்றுவது?

எச்சரிக்கை முறை மேம்பட்ட பிறகு, புயலில் படகுகள் நாசமாவது பெரும்பாலும் நடுக்கடலில் அல்ல, கட்டிப்போட்ட இடத்தில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டா கடற்கரையில் கட்டியிருந்த படகுகள் தரைக்குள் தூக்கி வீசப்பட்டன. 2022 டிசம்பரில் மாண்டஸ் வந்தபோது காசிமேடு துறைமுகத்துக்குள் நின்ற படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சேதமடைந்தன. துறைமுகத்துக்குள் வந்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது கரையில் இருப்பவர்கள்தான். படகுக்காரர்களுக்கு விஷயம் தெரியும்.

எவ்வளவு நேரம் கிடைக்கும்?

காகிதத்தில் பார்த்தால் நிறையவே. மோசமான வானிலை தொடங்குவதற்கு 72 மணி நேரம் முன்பே இந்திய வானிலை ஆய்வு மையம் முதல்கட்ட அறிவிப்பைத் தருகிறது. 48 மணி நேரத்துக்கு முன் உஷார் நிலை, 24 மணி நேரத்துக்கு முன் புயல் எச்சரிக்கை.

ஆனால் விசைப்படகு மணிக்கு சுமார் 15 கிலோமீட்டர்தான் போகும். 150 கிலோமீட்டர் தள்ளி வலை போட்டுக்கொண்டிருக்கும் படகு கரை சேர 10 மணி நேரம் ஆகும். வலையை இழுத்து ஏற்றும் நேரம் தனி. செய்தியே போய்ச் சேரவில்லை என்றால்? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் நடந்தது அதுதான். கன்னியாகுமரி மாவட்ட ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். கரையில் இருக்கும் வயர்லெஸ்ஸுக்கு எட்டாத தூரத்தில் அவர்கள் இருந்தபோது, மிகக் குறுகிய நேரத்தில் அது புயலாக மாறியது. தமிழகம், கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவே இல்லை. சாட்டிலைட் போன், நாவிக் கருவி, படகுகளுக்கு ட்ரான்ஸ்பாண்டர் என்று அடுத்தடுத்து வந்த திட்டங்களுக்குப் பின்னால் இருப்பது ஒக்கியின் பாடம்தான். ஒரு லட்சம் படகுகளில் இஸ்ரோவின் ட்ரான்ஸ்பாண்டரைப் பொருத்தும் திட்டம் 2024-ல் தொடங்கியது.

சரி, படகு கரைக்கு வந்துவிட்டது. எங்கே கட்டுவது, எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது? இதற்குப் பதில் சொல்லும் ஒரு எண் டிவி செய்தியில் தினமும் ஓடுகிறது. பெரும்பாலானவர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கூண்டு எண் சொல்லும் திசை

'பாம்பனில் 5-ம் எண் கூண்டு', 'நாகையில் 6-ம் எண் கூண்டு' என்று கேட்டதும், 6 என்றால் 5-ஐவிடக் கொஞ்சம் மோசம் என்று தோன்றும். அப்படி இல்லை.

1, 2 இரண்டும் தூரத்தில் இருக்கும் ஆபத்துக்கானவை. துறைமுகத்தைவிட்டுக் கிளம்பும் கப்பல்கள் கவனிக்க வேண்டியவை. 3, 4 வந்தால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம் என்று அர்த்தம். 5, 6, 7 மூன்றுமே ஒரே அளவு ஆபத்துதான். வித்தியாசம் புயல் போகும் பாதையில் இருக்கிறது. புயலின் பாதைக்கு இடதுபுறம் துறைமுகம் இருந்தால் 5. வலதுபுறம் இருந்தால் 6. துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் 7. புயல் தீவிரமானதாக இருந்தால் இதே வரிசை 8, 9, 10 என்று மாறும். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே துண்டிக்கப்பட்டுவிட்டது என்று பொருள்.

இடது, வலது என்பதில் படகுக்காரருக்கு என்ன இருக்கிறது? எல்லாமே அதில்தான் இருக்கிறது. நம் பகுதியில் புயலின் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். வங்கக்கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயல் என்றால், கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். கடல்நீரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே இருக்கும் ஊர்களில் அதே நேரத்தில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். வடக்கே படகு கரையில் மோதி உடையும். தெற்கே கயிறு அறுந்தால் படகு கடலுக்குள் போய்விடும். ஒரே புயல்தான். ஆனால் 5-ம் எண் ஊரில் படகைக் கட்ட வேண்டிய முறையும் 6-ம் எண் ஊரில் கட்ட வேண்டிய முறையும் வேறு வேறு.

7-ம் எண், 10-ம் எண் வாங்கிய ஊரின் கதைதான் ரொம்பக் கஷ்டம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தது பலருக்கு நினைவிருக்கும். பேய்க்காற்று நடுவில் கொஞ்ச நேரம் அடங்கியது. 'முடிஞ்சுருச்சு' என்று சிலர் தெருவுக்கே வந்துவிட்டார்கள். அது புயலின் கண். அது நகர்ந்ததும் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தது. வாடைக்காற்றை மட்டும் மனதில் வைத்து ஒரு பக்கம் பலமாகக் கட்டிய படகுக்கு இரண்டாவது பாதியில் பிடிமானம் இருக்காது. நான்கு பக்கமும் கயிறு போட வேண்டும் என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பக்கத்துப் படகின் கயிறு

கணக்கு ஒன்று இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய கயிறு 120-ல் நான்கு மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும். அதனால் கயிற்றைப் புதிதாக மாற்றுவது, ஒன்றுக்கு இரண்டாகப் போடுவது எல்லாம் முதல் நாளிலேயே நடக்கும். நைலான் கயிறு ரப்பர்போல் கொஞ்சம் நீளும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வெயிலில் கிடந்து மொறமொறத்துப்போன பிளாஸ்டிக் கயிறு நீளாது, பட்டென்று அறும். அதுவும் நடுவில் அறுவதைவிட, படகின் விளிம்பில் உரசி உரசி அறுவதுதான் அதிகம். உரசும் இடத்தில் சாக்கு, பழைய ரப்பர் ஹோஸ் என்று கையில் கிடைத்ததைச் சுற்றுகிறார்கள்.

கயிற்றை இறுக்கிக் கட்டவும் கூடாது. தமிழகக் கடற்கரையில் வழக்கமான ஏற்ற இறக்கம் குறைவு. அதற்குப் பழகிய கை இறுக்கித்தான் கட்டும். புயல் வந்து நீர்மட்டம் ஏறும்போது படகு மேலே போக முடியாமல், கயிறு அறும் அல்லது கட்டிய முளையே பிய்த்துக்கொண்டு வரும். ரொம்பத் தளர்த்தினால் பக்கத்துப் படகில் போய் இடிக்கும்.

ராமேஸ்வரம் பக்கம் நிலைமை இன்னொரு மாதிரி. அங்கே படகுகளைத் திறந்த கடலிலேயே நங்கூரம் போட்டு நிறுத்துகிறார்கள். நங்கூரம் தரையைக் கவ்விப் பிடிக்க, கயிறு படுத்தவாக்கில் இழுபட வேண்டும். ஆழத்தைப்போல் ஏழு மடங்கு நீளமாவது வேண்டும் என்பது கடலோடிகளின் பொதுவான கணக்கு. 3 மீட்டர் ஆழத்துக்கு 21 மீட்டர் கயிறு. அவ்வளவு நீளம் விட்டால் படகு பெரிய வட்டமடிக்கும். சுற்றிலும் நூற்றுக்கணக்கான படகுகள் நிற்கும் இடத்தில் வட்டமடிக்க இடம் ஏது? கயிற்றைக் குறைத்தால் நங்கூரம் பெயர்ந்து இழுபடும். பெயர்ந்த படகு அடுத்ததில் மோதும், அது அதற்கடுத்ததில்.

'அண்ணே, உங்க போட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க' என்ற பேச்சு அந்த இரண்டு நாளும் ஓயாது. புதுக்கயிறு போட்டவரின் படகையும் பழைய கயிறு போட்டவரின் படகு உடைத்துவிடும் என்பதுதான் இதில் உள்ள அநியாயம். காசிமேட்டில் இடத்துக்கு மீறிய படகுகள் நிற்கின்றன; நெரிசலைக் குறைக்கத்தான் திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் கட்டப்பட்டது. படகுகளுக்கு நடுவே பழைய டயர்களைத் தொங்கவிடுவது உதவும். இடைவெளி இருந்தால் அதைவிட உதவும்.

ஃபைபர் படகுகளுக்கு வேறு பிரச்சினை. லேசானவை, அலை மட்டுமல்ல, காற்றே தூக்கிப் போட்டுவிடும். முதலில் என்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அடுத்து வலை, பேட்டரி, ஜிபிஎஸ். வலை போனால் படகு இருந்தும் தொழில் இல்லை. பிறகு ஊரே சேர்ந்து படகை மேட்டுக்கு இழுக்க வேண்டும். முன்பு தோள் கொடுத்த இடத்தில் இப்போது டிராக்டர் வருகிறது. ஒரே டிராக்டருக்கு வரிசையில் நிற்கும் படகுகள்தான் அதிகம். கடல் அரித்து, கருங்கல் கொட்டப்பட்ட ஊர்களில் இழுத்து வைக்க மணலே இல்லை, ரோட்டோரம்தான் கதி. மேட்டில் ஏற்றிய பிறகும் மரத்தோடு சேர்த்துக் கட்டுவது வழக்கம். கஜாவில் அந்தத் தென்னை மரங்களே வேரோடு சாய்ந்தன.

இயற்கை கொடுத்த நல்ல இடம் அலையாத்திக் காட்டுக்குள் போகும் ஓடைகள். முத்துப்பேட்டை, பிச்சாவரம் மாதிரி இடங்களில் மரங்கள் காற்றையும் அலையையும் முதலில் வாங்கிக்கொள்ளும். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆற்று முகத்துவாரம். அதில் ஒரு சிக்கல், புயல் கடந்த பிறகு வருவது. 2024-ல் ஃபெஞ்சல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பிறகு கொட்டிய மழையில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. கடல் பக்கம் பார்த்துக் கட்டிய படகுக்கு, ஆற்றிலிருந்து வரும் தண்ணீரும் ஆபத்துதான்.

படகிலேயே தங்குவது ஏன்?

அதிகாரிகள் மைக்கில் கத்தினாலும், சில படகுகளில் ஆள் இருப்பார்கள். இதை வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. மழைநீரும் அலையும் நிரப்பும் படகிலிருந்து தண்ணீரை இறைக்க ஒருவர் வேண்டும். நீர்மட்டம் ஏறும்போது கயிற்றை விட, இறங்கும்போது இழுக்க ஒருவர் வேண்டும். ஆனாலும் காற்று உச்சத்தில் இருக்கும்போது மோதும் இரண்டு படகுகளுக்கு நடுவே ஒரு ஆளால் எதையும் செய்ய முடியாது. கை சிக்கினால் கை போகும். கயிற்று வேலையை முடித்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவதே சரி.

இறங்க மனம் வராததற்குக் காரணம் பணம். 2017-ல் பாக் விரிகுடா மீனவர்களுக்காக அறிவிக்கப்பட்ட ஆழ்கடல் படகு ஒன்றின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். மானியம் போக மீதியில் கடன் உண்டு. பழைய மரப்படகுகள் பலவற்றுக்குக் காப்பீடே கிடையாது. 2022-26 காலத்துக்கான மத்திய பேரிடர் நிவாரண விதிமுறையில், முழுவதும் சேதமான படகுக்கு 15,000 ரூபாய். பகுதி சேதத்துக்கு 6,000. இதற்கு மேல் கிடைப்பது மாநில அரசு அந்தந்தப் புயலுக்கு என்ன அறிவிக்கிறது என்பதைப் பொறுத்தது. எதுவானாலும் படகு பதிவாகியிருக்க வேண்டும், ஆவணம் கையில் இருக்க வேண்டும். புயலுக்கு முன்னாலேயே பதிவு எண் தெரியும்படி படகையும் என்ஜினையும் போனில் போட்டோ எடுத்து வைப்பது இப்போது பல வீடுகளில் பிள்ளைகளின் வேலை. கணக்கெடுக்க வருபவரிடம் 'இங்கேதான் சார் நின்னுச்சு' என்று வெறும் தண்ணீரைக் காட்டுவதைவிட அது உதவும்.

புயல் போன மறுநாள் உப்புத்தண்ணீர் புகுந்த என்ஜின்தான் முதல் அவசரம். உடனே பிரித்து நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடாவிட்டால், நாளுக்கு நாள் துரு தின்றுவிடும். அந்த நேரத்தில்தான் ஊரில் கரண்ட் இருக்காது, மெக்கானிக் பத்து படகுக்கு ஒருவர் என்று ஓடிக்கொண்டிருப்பார். துறைமுகத்தில் சிக்கிக்கிடக்கும் நங்கூரக் கயிறுகளைப் பிரிக்கவே ஒரு நாள் போகும். டோக்கன் மறுபடி கொடுக்கத் தொடங்கினாலும் முதலில் கிளம்ப முடிவது வெளிவரிசைப் படகுகள் மட்டும். வழியில் ஒரு படகு மூழ்கிக் கிடந்தால், அதைத் தூக்க கிரேன் வரும்வரை பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான்.