கல்யாண கேசட்டுக்குள் சாய்கோடுகள்

பீரோ மேல்தட்டில் கிடக்கும் கல்யாண கேசட்டை எடுங்கள். ஓரத்திலுள்ள குட்டிப் பொத்தானை அழுத்தினால் முன்மூடி திறக்கும். உள்ளே பளபளவென்று 12.7 மில்லிமீட்டர் அகலக் கருப்பு நாடா. மூன்று மணி நேர கேசட் என்றால் சுமார் 250 மீட்டர் இருக்கும். விரல் படாமல் பாருங்கள்.

1976-இல் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் கொண்டுவந்த விஎச்எஸ் இது. நம் ஊர் வீடியோ டெக்கில் நாடா நொடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான் நகரும். படம் பதிய அந்த வேகம் போதவே போதாது. அதனால் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றைச் சாய்த்து வைத்து, நொடிக்கு 25 முறை சுழலவிட்டார்கள். அதில் எதிரெதிரே இருக்கும், படத்தைப் பதியும் இரண்டு ஹெட்டுகள் நாடாவில் சாய்வாகக் கோடு இழுத்துக்கொண்டே போகும். ஒரு கோட்டின் அகலம் 0.05 மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு கோடு சேர்ந்தால் ஒரு படம். தாலி கட்டிய அந்த ஒரு நொடி, ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசின் அகலத்துக்குள் ஐம்பது கோடுகளாக இருக்கிறது. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

ஹெட் நாடாவைத் தொட்டபடி ஓடுவதால் பூஞ்சைதான் பெரிய எதிரி. கேசட்டின் கண்ணாடி வழியே சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். நாடா கிழியலாம், ஹெட் அடைத்துக்கொள்ளும், பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல டெக் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது.

கேசட்டில் உள்ளதைக் கணினிக்கு மாற்ற, டெக்கிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை ஒரு கேப்சர் கருவியில் செருகி, அதைக் கணினியோடு இணைக்க வேண்டும். மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று மணி நேரம் ஓடியாக வேண்டும், குறுக்குவழி கிடையாது.

சிக்கல் வருவது இங்கேதான். பழைய நாடா லேசாக இழுபட்டிருக்கும். படத்தின் வரிகள் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேரும். பழைய டிவி அதைப் பொறுத்துக்கொண்டது. கேப்சர் கருவி தடுமாறி, படங்களை ஆங்காங்கே விட்டுவிடும். இடையில் டைம்பேஸ் கரெக்டர் என்ற கருவியை வைத்தால், அது வரிகளை நினைவகத்தில் பிடித்துவைத்துச் சீரான இடைவெளியில் அனுப்பும்.

மாற்றி முடித்ததும் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். தவில்காரர் கையும் சத்தமும் சேர்ந்து விழவில்லையென்றால், வழியில் படங்கள் விட்டுப்போயிருக்கலாம். மறுபடி ஓட்ட வேண்டும். அதுவரை கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.