ஒகேனக்கல் பரிசல் துறை

இங்கிருந்து புறப்படும் பரிசல், காவிரி பாறையை அறுத்து உண்டாக்கிய இடுக்கு வழியாகச் செல்லும். அருவிகளில் அவ்வளவு ஆரவாரம் செய்த ஆறு, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே அடங்கி நகர்கிறது. சுற்றிலும் வறண்ட முட்காடு. எதிர்க்கரை கர்நாடகம்.

ஏறுமுன் பரிசலின் அடியைப் பாருங்கள். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வட்டக் கூடை அது. முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாள், அதன்மேல் தார்ப்பூச்சு. அடி தட்டை என்பதால் ஆழம் குறைந்த நீரிலும் மிதக்கும், மறைந்திருக்கும் பாறையையும் உரசிக் கடந்துவிடும். ஆனால் வட்டத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. விட்டால் சுழலும். அதை ஒற்றைத் துடுப்பால் நேராகச் செலுத்துவது லேசான வேலை அல்ல. பரிசல்காரரின் தோளையும் மணிக்கட்டையும் கவனித்தால் புரியும். போக வழியில்லாத இடத்தில் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் சுமந்து நடப்பார்.

இந்த நீர் 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையில் சேர்கிறது.

மேலே கர்நாடகத்தில் உள்ள கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் திறந்தால், இங்கே மழை இல்லாத நாளிலும் ஆறு பெருகும். அப்போது பரிசலுக்குத் தடை. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள்; நடுவில் எழுந்து நிற்காதீர்கள்.