நிமிடத்துக்கு 600 துடிப்பு: ஆய்வகச் சுண்டெலிக்கு இசிஜி எடுப்பது எப்படி?

புதிய மருந்தொன்றை மனிதர்களுக்கு அளித்துப் பார்ப்பதற்கு முன், அது இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்குமா என்பதை அறிந்தாக வேண்டும். அதற்கான முதற்கட்டத் தகவல்களில் ஒரு பகுதி சுண்டெலி, எலி, கினிப்பன்றி ஆகிய ஆய்வக விலங்குகளின் இதய மின்னலைப் பதிவிலிருந்து, அதாவது இசிஜி-யிலிருந்து கிடைக்கிறது. மருத்துவமனையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் இப்பரிசோதனை, உள்ளங்கையில் அடங்கும் உயிரினத்திடம் அத்தனை எளிதன்று.

முதல் இடர்ப்பாடு வேகம். ஓய்விலுள்ள மனிதரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. எலிக்கு இது 300-ஐத் தாண்டும். சுண்டெலிக்கு 500 முதல் 700 வரை இருக்கும். ஒரு முழுத் துடிப்பே ஏறத்தாழ 100 மில்லி விநாடியில் முடிந்துவிடும். கீழறைகளில் மின்தூண்டல் பரவ மனிதரில் 80 முதல் 100 மில்லி விநாடி ஆகிறதென்றால், சுண்டெலியில் 10 மில்லி விநாடி அளவே ஆகிறது. எனவே விநாடிக்கு 1,000 அல்லது அதற்கும் மேற்பட்ட முறை மின்னழுத்தத்தை அளக்கும் கருவி தேவை. மனிதருக்கான கருவியின் வடிகட்டிகள் இந்தக் கூரிய அலைகளை மழுக்கிவிடும்.

வழக்கமான முறையில், விலங்குக்கு மயக்க மருந்து அளித்து, கால்களின் தோலுக்கடியில் நுண்ணிய ஊசி மின்முனைகள் செருகப்படுகின்றன. இங்கேதான் பிழை நுழைகிறது. கெட்டமைன், சைலசின் கலவை சுண்டெலியின் துடிப்பைப் பாதிக்கும் கீழாகக்கூடக் குறைத்துவிடும். ஐசோஃப்ளூரேன் வாயுவின் தாக்கம் இதைவிடக் குறைவு. மயங்கிய சிற்றுடல் விரைவில் குளிர்ந்துபோவதாலும் துடிப்பு தளர்கிறது. வெப்பத் தட்டின்றி எடுக்கப்பட்ட பதிவில் தென்படும் மாற்றம் மருந்தால் வந்ததா, குளிரால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம்.

விழித்திருக்கும் விலங்கிடமும் பதிவு எடுக்கலாம். மின்முனைகள் பதித்த மேடையில் சுண்டெலியை நிற்கவைத்தால், பாதங்கள் வழியாகவே அலைகள் கிடைக்கும். ஆனால் கையால் தூக்கியதும் அச்சத்தில் துடிப்பு எகிறும் என்பதால், மேடைக்குப் பழக அவகாசம் தர வேண்டும்.

இவற்றைவிட நம்பகமானது டெலிமெட்ரி. சில கிராம் எடையுள்ள ஒலிபரப்பி அறுவை சிகிச்சை மூலம் வயிற்றுக்குள் அல்லது தோலுக்கடியில் பொருத்தப்படுகிறது. காயம் ஆறிய பின் விலங்கு தன் கூண்டில் இயல்பாக உண்டு உறங்க, கூண்டின் அடியிலுள்ள ஏற்பி இரவும் பகலும் பதிவு செய்கிறது. மருந்துக்கு முன்னும் பின்னும் அதே விலங்கை ஒப்பிடலாம் என்பதால் விலங்குகளின் எண்ணிக்கையும் குறைகிறது. செலவுதான் அதிகம்.

பதிவு துல்லியமாக அமைந்தாலும் அதைப் படிப்பதில் எச்சரிக்கை தேவை. மனித இசிஜி-யில் கியூஆர்எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடையே தெளிவான சமதளம் உண்டு. சுண்டெலியில் அது காணப்படுவதில்லை. துடிப்புக்குப் பின் இதயத்தசை மின்நிலையை மீட்க மனிதருக்குப் பெரிதும் உதவும் 'ஹெர்க்' பொட்டாசியம் வாயில், வளர்ந்த சுண்டெலியிலும் எலியிலும் மிகச் சிறிய பங்கே வகிக்கிறது.

இது ஏட்டளவிலான நுணுக்கம் அன்று. ஒவ்வாமைக்கான டெர்ஃபெனடின், வயிற்றுக் கோளாறுக்கான சிசாப்ரைட் ஆகிய மருந்துகள் இந்த வாயிலை அடைத்து, சிலருக்கு உயிரைப் பறிக்கும் துடிப்புக் கோளாறை உண்டாக்கியதால் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. சிசாப்ரைட் இந்தியாவில் 2011-ல் தடை செய்யப்பட்டது. இத்தகைய ஆபத்தைச் சுண்டெலியின் பதிவை மட்டும் நம்பித் தேடினால் கண்ணில் படாமல் போகக்கூடும். மனிதரை ஒத்த பொட்டாசியம் வாயில்களைக் கொண்ட கினிப்பன்றி இதற்குப் பொருத்தமானது. மரபணு மாற்றத்தால் இதயத்தில் நிகழும் விளைவுகளை ஆராயச் சுண்டெலியே இன்றும் முதல் தேர்வு.

இந்தியாவில் இத்தகைய சோதனைகள் 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஒவ்வொரு ஆய்வுக்கும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு முன்னதாக ஒப்புதல் அளிக்க வேண்டும். விலங்குகளைப் பயன்படுத்தாத மாற்று முறைகளுக்கும் இடமளித்து, புதிய மருந்துகளுக்கான விதிகள் 2023-ல் திருத்தப்பட்டன. மனிதக் குருத்தணுக்களிலிருந்து வளர்க்கப்படும் இதய உயிரணுக்களில் மருந்தைச் சோதிப்பது அத்தகைய முறைகளுள் ஒன்று.