தடுமாற்றத்தையே பாடமாக்கிய கரீபியன் நடன ஆசிரியர்: நம்ம தப்புக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

சென்னையிலோ கொச்சியிலோ வார இறுதி டான்ஸ் கிளாஸுக்குப் போறவங்களுக்கு ஆஃப்ரோ, டான்ஸ்ஹால் என்ற பெயர்கள் புதுசு இல்லை. ஆனால் அந்த அசைவுகளைப் பாடமாக்கியவர்கள் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இத்தனைக்கும் இந்தக் கதையில் தமிழர்களுக்கும் ஓர் ஓரமாக இடம் உண்டு.

கம்பம், குமுளி வழியாக சக்குபள்ளம், வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிய குடும்பங்களைப் பற்றி நமக்குத் தெரியும். தோட்ட வேலைக்காகத் தமிழர்கள் போன தூரங்களில் அது ரொம்பக் கிட்டத்துத் தூரம். கரீபியன் கடலில் பிரான்சின் கீழ் இருந்த குவாதலூப் தீவில் 1848-ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பரில் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் சுமார் 42,000 இந்தியர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் பலர் காரைக்கால், புதுச்சேரி வழியாகப் போன தமிழர்கள்.

வீட்டில் பேசும் தமிழ் காலப்போக்கில் போய்விட்டது. மேளத்தின் பெயர்கள் போகவில்லை. அங்குள்ள மாரியம்மன் வழிபாட்டில் மத்தளம் 'மதலோன்', தப்பு 'தப்பூ'. நம் நாடகம் அங்கே 'நாத்ரோன்'.

அதே தோட்டங்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் வளர்த்தெடுத்தது குவோகா. இதில் இரண்டு வகை மேளம். 'பூலா' தாளத்தைப் பிடித்து நிற்கும். 'மக்கே' ஆடுபவரின் காலைப் பார்த்து வாசிக்கும். அதாவது, தாளத்துக்கு ஆள் ஆடுவதில்லை, ஆளுக்குத் தாளம் ஆடுகிறது! நடுவில் இறங்கும் ஆட்டக்காரர் திடீரென்று திசை மாற்றினால் மக்கே வாசிப்பவரும் கூடவே மாறணும். ஏழு அடிப்படைத் தாளங்களில் 'கிராஜ்' மரவள்ளிக் கிழங்கு மாவு தயாரிக்கும் வேலையோடு வந்தது. கப்பை தின்று வளர்ந்த இடுக்கிக்காரர்களுக்கு இதைச் சொல்லாமல் விட மனசு வரலை. 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் குவோகா இடம்பெற்றது.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் குவாதலூப்பின் நடன இயக்குநர் லெனாப்லூ. 'டெக்னிகா' என்ற பயிற்சி முறையை உருவாக்கினார். அதன் மையச் சொல் 'பிகிடி'. தடுமாறுவது, ஆனால் விழாமல் இருப்பது என்று பொருள். பாலேயில் நிமிர்ந்த சமநிலைதான் இலக்கு. இங்கே சமநிலையை இழந்து, விழப்போகும் அந்த நொடியில் உடம்பைப் பிடித்து வேறு பக்கம் திருப்புவதுதான் திறமை. காலடியில் நிலையான மண்ணே இல்லாமல் வாழ்ந்த மக்களின் உடல் அறிவு இது என்கிறார் அவர்.

இந்த வேலைக்கு முன்னோடிகள் உண்டு. அமெரிக்கரான கேத்ரின் டன்ஹாம் 1935-36ல் ஜமைக்கா, மார்த்தினிக், டிரினிடாட், ஹைட்டியில் கள ஆய்வு செய்து, பிறகு 'டன்ஹாம் டெக்னிக்'கை உருவாக்கினார். ஹைட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்பியதை எதிர்த்து 1992-ல், 82 வயதில், 47 நாள் உண்ணாவிரதம் இருந்தவரும் இவரே. டிரினிடாடில் பெரில் மெக்பர்னி 1948-ல் 'லிட்டில் கரீப்' அரங்கைத் திறந்தார். ஜமைக்கா சுதந்திரம் பெற்ற 1962-ல் அங்கே தேசிய நடனக் குழு உருவானது. ரெக்ஸ் நெட்டில்ஃபோர்ட் அதன் நிறுவனர்களில் ஒருவர்.

சரி, ஒரு ஸ்டெப்புக்கு யார் சொந்தக்காரர்? சட்டத்திடம் முழுப் பதில் கிடையாது. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பைப் பாதுகாக்கிறது. ஆனால் அது எழுத்திலோ வேறு வடிவிலோ பதிவாகியிருக்க வேண்டும். ஊரே சேர்ந்து நூறு வருஷமாக ஆடி வந்த ஒன்றுக்கு இது பொருந்தாது. புது ஆட்டத்துக்கும் கதி இதுதான்: 2019-ல் 'ரெனிகேட்' ஆட்டத்தை உருவாக்கியவர் ஜலாயா ஹார்மன் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுமி. அதை ஆடி மற்றவர்கள் புகழும் பணமும் சேர்த்த பிறகுதான் அவர் பெயர் வெளியே வந்தது.

நம் ஊரில் பறைக்கு நடப்பதும் இதற்குத் தூரமில்லை. சாவு வீட்டு மேளம் என்று சாதியோடு சேர்த்து ஒதுக்கப்பட்டது. கட்டாயமாக அடிக்க வைக்கப்பட்டதால், இனி அடிக்க மாட்டோம் என்று கீழே வைத்தவர்கள் உண்டு. கலையாகக் கையில் எடுத்தவர்களும் உண்டு. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்களுக்குப் பறையாட்டம் கற்றுத்தருகிறது. இன்று நகரங்களில் பறைப் பயிற்சிக்கு ஐடி ஊழியர்களும் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் கட்டணம் கட்டும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: சொல்லித்தருபவர் இதை யாரிடம் கற்றார், அந்தக் கலைஞருக்கு இந்தப் பணத்தில் பங்கு போகிறதா? ஆஃப்ரோ கிளாஸிலும் இதே கேள்வியைக் கேட்கலாம்.