நெளிகிற கோடு

பிரசவ வார்டில் கர்ப்பிணியின் வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டியிருப்பார்கள். பக்கத்து மெஷினிலிருந்து கட்டம் போட்ட தாள் மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கும். இதற்கு சி.டி.ஜி. என்று பெயர். ஒரு பெல்ட் குழந்தையின் இதயத்துடிப்பைப் பிடிக்கிறது, இன்னொன்று கருப்பை இறுகுவதைப் பதிவுசெய்கிறது. அரக்கோணத்தில் எடுத்தாலும் சரி, வேலூருக்குப் போய் எடுத்தாலும் சரி, கூட வந்த மாமியார் அந்தத் தாளைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "ஏம்மா, இப்படி ஏறி இறங்குதே, ஒரே சீரா இல்லையே?" நர்ஸ் சிரித்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்பார்.

நம் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. சீராக அடித்தால்தான் நல்ல இதயம் என்று நினைக்கிறோம். வயிற்றுக் குழந்தைக்குக் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பது இயல்பு. ஆனால் அது ஒரே எண்ணில் நிற்கக்கூடாது. 5 முதல் 25 துடிப்பு வரை மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஏன் அசைகிறது? சோளிங்கர் ரோட்டில் பஸ் ஓட்டும் டிரைவரின் காலைப் பாருங்கள். ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். குழந்தையின் மூளைத்தண்டும் அப்படித்தான் ஒரு நரம்பால் இதயத்தை முடுக்குகிறது, இன்னொன்றால் அடக்குகிறது. கோடு நெளிந்தால் டிரைவர் விழித்திருக்கிறார் என்று பொருள்.

இந்த நெளிவை மாற்றும் ஆக்சிஜனுக்கு இப்போது வருவோம். கருப்பைக்குள் அது எப்போதுமே குறைவுதான். தாயின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறக்குறைய 100 என்றால், தொப்புள்கொடி வழியே குழந்தைக்கு வரும் நல்ல ரத்தத்திலேயே சுமார் 30தான். ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும் தனி ஹீமோகுளோபின் குழந்தைக்கு இருப்பதால் அதிலேயே செழிப்பாக வளர்கிறது. அந்த அளவும் குறைந்தால்தான் சிக்கல்.

திடீரென்று குறைந்தால் கழுத்துத் தமனியில் இருக்கும் உணரிகள் கண்டுகொள்ளும். இதயத்தின் வேகம் குறையும். ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடப்படும். அந்த நேரத்தில் கோடு முன்னைவிட அதிகமாகக்கூட நெளியலாம். பற்றாக்குறை நீடித்தால்தான் கட்டளை போடும் மூளைத்தண்டே சோர்கிறது, கோடு தட்டையாகிறது. ரத்தக்கொதிப்பாலோ வேறு காரணத்தாலோ நஞ்சுக்கொடி வாரக்கணக்கில் சரியாக வேலை செய்யாவிட்டால், குழந்தை வளர்ச்சியையும் அசைவையும் குறைத்துச் சிக்கனம் பிடிக்கும். நெளிவும் அதோடு குறையும். குழந்தை வயிற்றிலேயே இறப்பதற்கு முன் துடிப்பின் இந்த அசைவு மங்குவதை 1963-இல் எட்வர்ட் ஹான், லீ என்ற ஆய்வாளர்கள் எழுதிவைத்தார்கள். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் டாஸ், ரெட்மன் என்ற ஆய்வாளர்கள் கண்ணால் மதிப்பிடுவதை விட்டு, சில நொடிகளுக்கு ஒருமுறை துடிப்பில் வரும் வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் கணக்கிடும்படி செய்தார்கள்.

தாய்க்குக் கடுமையான ரத்தசோகை இருந்தாலும் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்க வேலை பார்க்கும் பெண்கள், வயிற்றைப் புரட்டுகிறது என்று இரும்புச் சத்து மாத்திரையை ஒதுக்கிவிடும்போது இதுவும் நினைவில் இருந்தால் நல்லது.

தட்டையான கோடு என்றாலே ஆபத்து என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தை தூங்கினாலும் 20, 40 நிமிடம் அப்படி இருக்கும். வலிப்பு வராமல் தடுக்கப் போடும் மெக்னீசியம், வலிக்குப் போடும் பெத்திடின் ஆகியவையும் நெளிவைக் குறைக்கும். அதனால்தான் தாயை இடதுபக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, குடிக்க ஏதாவது கொடுத்து, தாளைத் தொடர்ந்து ஓடவிடுகிறார்கள். 50 நிமிடத்துக்கு மேலும் அசைவு 5-க்குக் கீழேயே நின்றால் டாக்டர் அடுத்ததை யோசிப்பார்.

வீட்டில் வைத்துக் குழந்தையின் துடிப்பைப் பார்க்கும் சின்ன டாப்ளர் கருவி "140" என்று காட்டும். எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த 140 நெளிகிறதா, அப்படியே நிற்கிறதா என்பது அதில் தெரியாது. குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் கருவியை ஓரமாக வைத்துவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுங்கள், இராத்திரியானாலும் பரவாயில்லை.