வாரம் ஒரு எபிசோட்... தாங்குமா உடம்பு?

ஆபீஸ் முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, துணி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு மைக்கில் பேசுகிற ஆசாமியா நீங்கள்? (தொங்கும் துணி எதிரொலியைக் குறைக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வாஸ்தவம்தான்!) அப்படியென்றால் மேலே படியுங்கள்.

பாட்காஸ்ட் ஆரம்பிப்பது சுலபம். ஒரு செல்போன் போதும். பத்துப் பன்னிரண்டு எபிசோட் ஆன பிறகுதான் வில்லங்கமே! 'இந்த வாரம் என்னத்தப் பேசறது?' என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசையும். மைக்கைப் பார்த்தாலே அசதி... கேட்கிறவர்கள் மேல்கூட ஒரு சலிப்பு... 'நாம பேசி என்ன ஆகப்போகுது?' என்ற விரக்தி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதற்குப் பெயர் 'பர்ன் அவுட்'. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகச் சமாளிக்கப்படாத, நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்றது.

'சம்பளத்துக்கா செய்யறேன்? பிடிச்சுத்தானே செய்யறேன்!' என்கிறீர்களா? நியூயார்க் மனநல நிபுணர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கரும் பிடித்துத்தான் செய்தார். பகலில் சொந்த கிளினிக், ராத்திரியில் இலவச மருத்துவமனையில் சேவை. குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை! டேப் ரெக்கார்டரில் மனதில் இருந்ததையெல்லாம் பேசி, யாரோ ஒரு நோயாளி பேசுவதுபோல் போட்டுக் கேட்டாராம். 1974-ல் பர்ன் அவுட் பற்றிக் கட்டுரை எழுதியவர் இவர்தான்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். அரை மணி நேரம் பேசியதை முழுசாக ஒரு தடவை கேட்கவே அரை மணி ஆகிறது. நிறுத்தி, வெட்டி, ஒட்டி, மறுபடி கேட்டால் ராத்திரி ஒரு மணி! இந்த நேரமெல்லாம் எங்கிருந்து வருகிறது? உங்கள் தூக்கத்திலிருந்து. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். அடுத்த எபிசோடுக்கு, விஷயம் தேடுவதிலிருந்து வெளியிடுவது வரை எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். பால் கணக்கு எழுதுகிற மாதிரி, ஒளிக்காமல்!

ஆரம்ப ஜோரில் 'வாரா வாரம் வரும்' என்று வாக்குக் கொடுத்துவிடுகிறோம். குழந்தைக்குக் காய்ச்சல், ஆபீஸில் ஆடிட், வீட்டில் விருந்தாளி... அப்படிப்பட்ட வாரத்தில் எவ்வளவு முடியுமோ, அதுதான் உங்கள் அளவு. மாதம் ஒன்றுதான் முடியும் என்றால் மாதம் ஒன்று. அல்லது 'சீசன்' வழி. அமெரிக்காவின் புகழ்பெற்ற 'சீரியல்' 2014-ல் 12 எபிசோடுகளோடு முதல் சீசனை முடித்துக்கொண்டது. அடுத்தது 2015 டிசம்பரில்தான் வந்தது. கேட்டவர்கள் காத்திருந்தார்கள்! நாலு எபிசோடைப் பதிவு செய்து கையில் வைத்துக்கொண்டு வெளியிட ஆரம்பித்தால், ஜலதோஷம் வந்தாலும் கவலையில்லை.

ஜலதோஷம் என்றதும் ஞாபகம் வருகிறது... குரல்! பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் நொடிக்கு சுமார் 200 தடவை அதிர்கின்றன. ஆண்களுக்கு நூற்றுச் சொச்சம். பகலெல்லாம் பேசிவிட்டு, ராத்திரி மறுபடி மைக் முன்னால் என்றால் அது என்ன பாடுபடும்? பிள்ளை எழுந்துவிடுமே என்று கிசுகிசுப்பதும் தொண்டைக்குச் சிரமம்தான். அடிக்கடி செருமாதீர்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தொண்டை கட்டியிருந்தால் அன்றைக்குப் பதிவே வேண்டாம். கரகரப்பு நாலு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், இருமலில் ரத்தம் என்றால் உடனே!

இன்னொன்று. பாட்காஸ்ட் மட்டுமல்ல, பிடித்த சாப்பாடு, சிநேகிதர்கள், சினிமா எதிலுமே மனசு ஒட்டவில்லை, தூக்கமும் கெட்டுப்போய் ரெண்டு வாரமாகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். லீவு போட்டால் போதும் என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் பேசுங்கள்.

மற்றபடி வெறும் களைப்புதான் என்றால், ஒரு மாதம் லீவு என்று நேயர்களிடம் சொல்லிவிடுங்கள். ஒரு நிமிஷம் பேசினால் போதும். அதை எடிட் பண்ணக்கூட வேண்டாம்!